தோற்றவர்தான் அடுத்த நடுவர்

ஸ்குவாஷ் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. அதே களத்தில் அடுத்து நடக்கும் ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். முகத்தைக் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறி, புள்ளி எழுதும் அட்டையையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். பெரிய நகரங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருப்பார்களாம். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று சுற்றுவட்டாரத்துக் கிழடுகள் கூடி ஆடும் மூத்தோர் போட்டிக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. தோற்ற கடுப்பில் இருப்பவனைப் பிடித்து நியாயம் சொல்ல உட்காரவைப்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது போடுவதில்லை.

சண்டை எனக்குக் கைவந்த கலை. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறேன். போர் போடும் ஆட்களோடு முப்பது வருடம் கத்திக் கத்தி, நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டை மாதிரிதான் இருக்கும். களத்துக்குள் போனால் கேட்கவே வேண்டாம். நடுவர் என்ன சொன்னாலும் ஒருமுறையாவது மேலே பார்த்து, "அதெப்படிங்க?" என்று கேட்டால்தான் எனக்கு ஆடிய திருப்தி வரும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். நான்கு சுவருக்குள் இரண்டு பேர். ஒரு சின்ன ரப்பர் பந்து. ஒருவர் முன்சுவரில் அடிக்க, திரும்பி வருவதை மற்றவர் எடுத்து மறுபடி முன்சுவரில் அடிக்க வேண்டும். பந்து தரையில் ஒருமுறை குத்தலாம். இரண்டாம் முறை குத்திவிட்டால் புள்ளி போச்சு. பதினொரு புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம், ஐந்தில் மூன்று எடுத்தவருக்கு வெற்றி. முன்சுவரோரம் பாய்ந்து விழுந்து எடுக்கும்போது ஒன்றா இரண்டா என்று மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பல நேரம் தெரியாது. எடுத்தவனுக்குத் தெரியும். அதனால் இரண்டு குத்தியிருந்தால் எடுத்தவனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். அது இந்த ஆட்டத்தின் மரியாதை.

அந்த மரியாதையை நான் ஒருமுறை காப்பாற்றவில்லை. யாரிடம் காப்பாற்றவில்லை என்பதுதான் விஷயம்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எடப்பாடியில் விசைத்தறி வைத்திருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனால் சான்றிதழ்படி இருவருக்கும் ஒரே வயது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் தன் வசதிக்கு ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டு வயதைக் கூட்டிவிட்டார். எங்கள் போட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள், அதை யாரும் கிளறுவதில்லை. எனக்கும் மச்சானுக்கும் சர்க்கரையும் ஒரே வருடத்தில்தான் வந்தது. வேர்க்க வேர்க்க ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். சங்ககிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஸ்குவாஷ் களம் கட்டிவிட்டு, ஆட ஆளில்லாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்த உடற்கல்வி இயக்குநர், "நீங்களாவது வந்து ஆடுங்க, கதவு துருப்புடிக்காம இருக்கட்டும்" என்றார். அப்படித் தொடங்கியதுதான். பத்து வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. ஆடி முடித்துச் சங்ககிரியில் இட்லி தின்றுவிட்டு அவர் வடக்கே எடப்பாடிக்கும் நான் தெற்கே திருச்செங்கோட்டுக்கும் பிரிவோம். தங்கையைக் கட்டியவனோடு இவ்வளவு ஒட்டுதலாக எந்த மச்சானும் இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் முன்பு, இதே மூத்தோர் போட்டியின் அரையிறுதியில் நாங்கள் இருவரும் மோதிக்கொண்டோம். கடைசி ஆட்டம். எனக்கு ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. மச்சான் பந்தை முன்சுவரோரம் மெல்லத் தட்டிவிட்டார். நான் ஓடினேன். மட்டையை நீட்டினேன். பந்து கிடைத்தது, சுவரில் பட்டது, உள்ளே விழுந்தது. மச்சான் அதை ஆடாமல் நின்றுகொண்டு, "டபுள்" என்றார்.

அவர் சொன்னது சரி. இரண்டு குத்தியிருந்தது. டக், டக் என்று இரண்டையும் காதால் கேட்டேன்.

நடுவராக இருந்தவர் எங்களுக்கு முன்னால் தோற்றவர், பாவம், கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். மச்சான் என்னிடமே திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க மாப்ள."

"ஒண்ணுதானுங்க மச்சான்."

"நெசமாலுமா?"

"கண்ணாடிய மாத்துங்க" என்றேன். மேலே நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் முகம் சிவந்தது. "பொய் சொல்றீங்க மாப்ள" என்றார், எல்லோர் முன்பும். பொய் சொன்னவனைப் பொய்யன் என்று சொல்லிப் பாருங்கள், அவனுக்கு வருகிற கோபம் உண்மை பேசுகிறவனுக்கு வராது. எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. "எம் புள்ள மேல சத்தியமா ஒண்ணுதான்" என்று கத்திவிட்டேன்.

எனக்கு இருப்பது ஒரே பெண். அவளை அவர் தோளில் போட்டு வளர்த்தவர். மச்சான் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மட்டையைப் பையில் போட்டார், வெளியே போனார். கைகுலுக்கவில்லை. நான் ஜெயித்தேன். மறுநாள் இறுதியாட்டத்தில் ஒரு ஆட்டம்கூட எடுக்காமல் தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பதற்குள்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை களத்துக்கும் வரவில்லை. தங்கையோடு போனில் பேசுவார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். என்னைப் பொய்யன் என்று சொன்னவர் அவர்தான், அவர்தான் முதலில் வரவேண்டும் என்று நானும் விறைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி என் பக்கம் நின்றாள். அதுதான் இன்னும் கொடுமை. "புள்ள மேல சத்தியம் பண்ணிச் சொல்றாரு, அப்பறமும் அண்ணன் இப்படிப் பண்றாரே" என்று அவள் தன் சொந்தக்காரர்களிடம் எனக்காகப் பரிந்து பேசியபோதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் என் பெண்ணுக்கு டெங்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது என்று நர்ஸ் வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தியம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு ரப்பர் பந்துக்காகப் பெற்ற பெண்ணின் தலையில் கை வைத்த மாபாவி நான். கடவுளிடம் என்ன பேரம் பேசினேன் என்பதை எழுத மாட்டேன். அவள் பிழைத்தாள். பிழைத்ததும் நான் பேசிய பேரத்தை மறந்துவிட்டு மறுபடி விறைத்துக்கொண்டேன். மனிதப் புத்தி அவ்வளவுதான்.

பிறகு அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாசியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு சீரும் நகராது. பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டியவர் அவர். அம்மாவும் மகளும் எடப்பாடி போய் நல்ல செய்தி சொன்னார்கள். மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாராம். கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு மட்டும், "மாப்ள கூப்புட்டா வாரேன்" என்றாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது. பார்த்தீர்களா, நான் போய்க் காலில் விழ வேண்டுமாம், என்று தோன்றியது.

பொங்கல் முடிந்த வாரம் மூத்தோர் போட்டி. அதே கல்லூரி, அதே களம். மச்சான் பெயர் கொடுத்திருக்கிறார் என்று உடற்கல்வி இயக்குநர் போனில் சொன்னார். சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, காலையில் நான் கிளம்புவதற்குள் சேலை மாற்றி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் இதுவரை ஒரு ஆட்டம் பார்த்ததில்லை.

"நீ எதுக்கு வாரே?" என்றேன்.

"கண்ணாலத்துக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. இன்னைக்கு எங்கண்ணன்கிட்டப் பேசாம நீங்க ஊட்டுக்கு வரக்கூடாது. பேசறீங்களான்னு பாக்கறதுக்குத்தான் வாரேன்."

"அவரு பேசுனா நான் பேசறேன்."

"நல்லாப் பேசுனீங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு முதல் சுற்று கரூர்ப் பல் டாக்டரோடு. அந்த மனிதர் என்னைக் களத்தின் நாலு மூலைக்கும் துணி உலர்த்தும் கயிறு மாதிரி இழுத்து இழுத்துக் கட்டினார். மூன்று ஆட்டமும் நேராகப் போச்சு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது உடற்கல்வி இயக்குநர் அட்டையை நீட்டினார். அடுத்த ஆட்டக்காரர்கள் யாரென்று பார்த்தேன். ஒருவர் ஓசூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர். இன்னொருவர் என் மச்சான்.

"சார், வேற யாரையாவது உக்கார வையுங்க" என்றேன்.

"தோத்தது நீங்கதானுங்களே."

"அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லைங்கறது உங்களுக்கே தெரியும்."

"அதுக்கென்னங்க. புள்ளி எழுதறதுக்குப் பேசவா வேணும்" என்றார். ஆனாலும் நல்ல மனிதர், களத்துக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து மச்சானிடமே கேட்டார். "அண்ணா, உங்க மாப்ளதான் நடுவர். ஆள மாத்திக்கலாமுங்களா?"

உள்ளே, சூடேறினால்தான் குத்தும் என்பதால் பந்தை அடித்துக்கொண்டிருந்த மச்சான் நிறுத்தினார். மேலே பார்க்கவில்லை. "வேண்டாமுங்க. அவரே இருக்கட்டும்" என்றார்.

நான் மாடிக்கு ஏறிப்போய் உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் மச்சான் இளைத்திருந்தார். பின்தலை நன்றாக வெளுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம் மச்சானுக்கு. கை இன்னும் அப்படியே இருந்தது. ஓசூர்க்காரர் நெட்டையான, அமைதியான ஆள், ஆனால் மச்சானின் மெல்லிய தட்டல்களுக்கு அவரால் குனிந்து வர முடியவில்லை. இரண்டாவது ஆட்டத்தில்தான் விசித்திரம் தொடங்கியது. மச்சான் பந்தை எடுக்கப் போகும்போது ஓசூர்க்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார். வேண்டுமென்றே இல்லை, தற்செயலாக. அப்படி வழி மறிக்கப்பட்டால் ஆட்டக்காரர் மேலே பார்த்து "லெட்" என்று கேட்கலாம், நடுவர் ஒப்புக்கொண்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். பச்சைப் பிள்ளைகூடக் கேட்கும். மச்சான் கேட்கவில்லை. புள்ளியை விட்டுவிட்டுப் பேசாமல் இடத்துக்குப் போய் நின்றார். கேட்டால்தானே நான் கொடுக்க முடியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது அவ்வளவு கேவலமாகிவிட்டதா என்று பென்சிலை அழுத்தி எழுதியதில் முனை ஒடிந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஓரத்தில் விழுந்த ஒரு பந்தை மச்சான் அழகாக எடுத்தார். ஒரே குத்துதான், நான் நேர் மேலே இருந்தேன், தெளிவாகப் பார்த்தேன். பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் மச்சான் கையைத் தூக்கிவிட்டார். "டபுளுங்க" என்றார். ஓசூர்க்காரர் திகைத்து நின்றார். எடுத்தவரே இரண்டு என்று சொன்ன பிறகு நடுவருக்கு வேலை இல்லை. புள்ளியை ஓசூர்க்காரருக்கு எழுதினேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அதே மாதிரி இன்னொன்று. நாலாவதில் மறுபடி. ஒவ்வொன்றும் நல்ல பந்து. ஒருவன் தெரியாமல் தப்புச் செய்யலாம், மச்சான் மாதிரி ஆடுகிறவர் இத்தனை முறை செய்யமாட்டார். என் மனைவிக்கு ஆட்டம் தெரியாது, அவளே கேட்டாள்.

"ஏனுங்க, அண்ணன் எதுக்கு அடிக்கடி கையத் தூக்கறாரு?"

"தெரியல. நல்ல பாலையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு இருக்கறாரு, மனுசன்."

இவ்வளவு கொடுத்தும் ஆட்டம் சமமாகத்தான் போனது. ஐந்தாவது, கடைசி ஆட்டம். பத்துக்குப் பத்து. இரண்டு புள்ளி முன்னால் போகிறவருக்கு வெற்றி. ஓசூர்க்காரர் முன்சுவரோரம் தட்டிவிட்டார். மச்சான் அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம் ஓடி, ஒரு கால் மடங்கிக் கீழே சரிந்து, தரைக்கு ஒரு விரற்கடை மேலே பந்தை எடுத்தார். பந்து மேலேறிப்போய் மூலையில் செத்து விழுந்தது. ஓசூர்க்காரர் கை தட்டினார், எதிராளியே கை தட்டினார். மச்சான் தரையில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் பாத்தேன். நல்ல பால்" என்று மேலேயிருந்து கத்தினேன். இரண்டு வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நல்ல பால் சார்" என்றார் ஓசூர்க்காரரும்.

மச்சான் எழுந்து நின்றார். "இல்லீங்க. சந்தேகமா இருக்குது. அவருக்கே குடுத்துருங்க" என்று என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு அது புரியவில்லை. அடுத்த பந்தை அவர் முன்சுவரின் அடியில் பதித்திருக்கும் தகரத்தில் அடித்தார், அதில் பட்டால் புள்ளி போச்சு, ஆட்டம் முடிந்தது.

தோற்றவர்தான் அடுத்த நடுவர். அதனால் மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார், என் கையிலிருந்து அட்டையை வாங்குவதற்கு. நான் அட்டையைக் கொடுக்கவில்லை.

"ஏனுங்க மச்சான், என்ன ஆச்சு உங்களுக்கு? நாலு பால். நாலும் நல்ல பால். நாலையும் அவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வாரீங்க. நான் மேல இருந்து பாத்துட்டுத்தானே இருக்கறேன்." எப்போதும்போல எனக்குச் சண்டை மாதிரிதான் வந்தது.

அவர் தங்கையைப் பார்த்தார், பிறகு என்னை. "எனக்கும் நல்லதாத்தானுங்க பட்டுது மாப்ள" என்றார்.

"அப்பறம் எதுக்குக் கையத் தூக்குனீங்க?"

"எனக்குப் பட்டத நம்பித்தானே அன்னைக்கு உங்களப் பொய்யன்னு சொல்லிப்போட்டேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், மெல்லத்தான் பேசினார்.

"பாப்பா மேல சத்தியம் பண்ணுனீங்க. பெத்த புள்ள மேல யாருங்க பொய்ச் சத்தியம் பண்ணுவாங்க? ஊட்டுக்குப் போயி ரோசன பண்ணிப் பாத்தேன். ரெண்டு குத்துனத நான் கண்ணாரப் பாத்தனே, அப்பறம் எப்படி ஒண்ணுன்னு. அப்பத்தான் எங்கய்யன் நெனப்பு வந்துது."

அவருடைய அய்யன், என் மாமனார், அறுபது வயதில் பார்வையை இழந்தவர். ஒரே நாளில் போகவில்லை. முதலில் தறியில் அறுந்த இழை தெரியவில்லை என்றார். பிறகு பக்கத்தில் வருகிற ஆள் தெரியவில்லை என்றார். நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னபோது மச்சான்தான் கூட இருந்தவர். கடைசிப் பத்து வருடம் அவரைக் கைபிடித்து நடத்தியவரும் மச்சான்தான்.

"அய்யனுக்கு வந்தது எனக்கு வந்துருச்சுன்னு முடிவு பண்ணிப்போட்டேன். பொழுது சாஞ்சா வண்டி எடுக்கறதில்ல. டிரைவர் வெச்சுக்கிட்டேன். தறியில இழை அறுந்தாக் கிட்டப் போயித் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். டாக்டர்கிட்டப் போனா ஆமான்னு சொல்லிப்போடுவாங்களேன்னு போகல. இங்கயும் அப்படித்தான். ஒண்ணுன்னு படுது, ஆனா எங்கண்ண நம்பி இன்னொரு மனுசனோட புள்ளிய எடுக்கலாமுங்களா?"

"அண்ணா" என்றாள் என் மனைவி.

"கோவமா இருக்கறேன்னு நெனச்சுட்டயா அம்மிணி? கோவமெல்லாம் இல்ல. ஒரு நல்ல மனுசன நாலு பேரு முன்னால பொய்யன்னு சொல்லிப்போட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்க ஊட்டுக்கு வாரது? மாப்ள கூப்புட்டா வாரேன்னு சொன்னது அதுக்குத்தான். அவரு மன்னிச்சுட்டாருன்னு தெரிஞ்சா வரலாம். இன்னைக்குப் பேரு குடுத்ததே அவரப் பாத்துச் சொல்லீறலாமுன்னுதான்."

இரண்டு வருடமாக நான் அவரைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தேன். இந்த ஆள் இருட்டப் போகிறது என்று பயந்துகொண்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னிடம்.

"மச்சான்" என்றேன். "ரெண்டு குத்துச்சு."

"எப்ப?"

"அன்னைக்கு. ரெண்டு. சத்தமே கேட்டுச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

கீழே அடுத்த ஆட்டக்காரர்கள் பந்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்னை உற்றுப் பார்த்தார்.

"கண்ணாலத்துக்கு நான் வரோணுமுன்னு இப்பச் சொல்றீங்களா?"

"இல்லீங்க மச்சான். நான் பண்ணுனது பொய்ச் சத்தியம். நீங்க பாத்தது சரி."

"நான் பாத்தது சரி" என்று அவர் ஒருமுறை சொன்னார். "அப்ப நான் பாத்தது சரிதான்" என்று மறுபடி சொன்னார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை. என் மேல் பாய்வார், அறைவார் என்றுதான் நான் நின்றேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவருக்கு என்னைப் பற்றிய நினைப்பே இல்லை. உயிர் திரும்பி வந்த மனிதர் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, அப்பாடா என்று இருந்தது, அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

வெட்கப்பட வைக்கத்தான் என் மனைவி இருந்தாளே. "புள்ள மேல" என்றாள். "எம் புள்ள மேல." அவ்வளவுதான். எழுந்துபோய் அண்ணனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் என்ன சொன்னாலும் திரும்பவில்லை. அவளுக்கு அந்த உரிமை முழுக்க உண்டு, இதை எழுதுகிற இன்றைக்கும் நடுநடுவே அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

கீழேயிருந்து, "நடுவர் சார், ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். மச்சான் மூக்கைச் சிந்தித் துண்டால் துடைத்தார். என் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டார். அந்த ஆட்டத்துக்கு அவர் நடுவராக இருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது புள்ளியிலேயே ஒருவர் ஓரத்தில் பந்தை எடுக்க, மச்சான் எழுந்து நின்று, "டபுள்" என்று போட்ட சத்தம் கல்லூரிக் கேன்டீன் வரை கேட்டிருக்கும். ஆடியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் பாத்தேனுங்க" என்றார் மச்சான். புள்ளியை எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி அப்படி உத்தரவு போட்டிருந்தாள். அவளும் வந்தாள், மச்சானோடு பின் சீட்டில். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மச்சானின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பொய் தெளிந்தாலும் பயம் உடனே போய்விடுமா? பொய்யாகவே பயந்திருந்தாலும் நிஜமாகவே ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயமாக இருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், முக்கால் மணி நேரம் மூடி உட்காரச் சொன்னார்கள். அப்புறம் உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு கண், மறு கண், மறுபடி முதல் கண்.

"அப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு இல்லை. அழுத்தம் சரியாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது" என்றார். "வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள கூட்டிட்டு வரலீங்க" என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுத்தது அவ்வளவுதான், இன்று வரை.

வெளியே நடையில் வந்து உட்கார்ந்தோம். சொட்டு மருந்து தெளிய இன்னும் சில மணி நேரம் ஆகும், அதுவரை கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவி பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். என்னை முழங்கையால் இடித்தாள். நான் எழுந்து, அந்த ஆஸ்பத்திரி நடையிலேயே, அவளோடு சேர்ந்து நின்று, வெற்றிலை பாக்கு வைத்து மச்சான் கையில் கொடுத்தேன்.

"பாப்பா கண்ணாலத்துக்கு வந்து நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும் மச்சான்."

அவர் வாங்கிக்கொண்டார். மஞ்சள் தடவிய முனையைத் தடவிப் பார்த்தார். பிரித்து, கையை நீட்டிப் பிடித்தும் மூக்கருகே கொண்டுவந்தும் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலீங்களே மாப்ள. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குது. படிங்க, கேக்கறேன்."

நான் வாங்கிப் படித்தேன். நாள், நட்சத்திரம், மண்டபம். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார். பிறகு தாய்மாமன் என்று போட்டு, அதற்குக் கீழே தனி வரியில் அவருடைய பெயர்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விரிந்த கண்மணிகள் என் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தன, அதில் இருப்பது அவருக்குத் தெளிவாகத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

"எம் பேரு இருக்குதா?"

"இருக்குதுங்க மச்சான்."

"அம்மிணி, நெசமாலுமே இருக்குதா?"

"அவரையே கேளுங்கண்ணா" என்றாள் என் மனைவி.

அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இருக்கறதத்தானே படிக்கறீங்க?" என்றார்.

"இருக்கறதத்தானுங்க மச்சான்" என்றேன். சத்தியம் எதுவும் செய்யவில்லை.

"அப்பச் சரி" என்று அவர் பத்திரிகையைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "வாரேன்."